இரண்டு கோடு குறைவு

மூன்று வருஷம் நான் ஒரு மனிதனின் வாயைத் தினமும் மோந்து பார்த்தேன். நேராக இல்லை. காலையில் அவன் ஒரு வெள்ளைத் துணியால் வாயைத் துடைத்து, அதில் இரண்டு முறை ஊதி, வாசல்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான். நான் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோவேன். டீசல் வாடை இல்லையென்றால் லாரி சாவியைக் கொடுப்பேன். அவன் குடித்த டம்ளரைத் தொடாத நான், அவன் வாய் துடைத்த துணியை மட்டும் எப்படித் தொட்டேன்? திருட்டைப் பிடிப்பதற்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

அவன் எங்கள் லாரி டிரைவர். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அவனை அவன் என்றுதான் சொன்னேன், வாடா போடா என்றும் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று மாற்றினால் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனார். பிரம்மதேசம் கிராமத்துப் பக்கம் இருந்த நிலத்தை அவருடைய அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டார்கள் என்றால் வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது திண்டிவனத்தில் ஒரு ஓட்டு வீடு, இரண்டு பெண்பிள்ளைகள், வாசலில் நிற்கும் ஒரு லாரி. இங்கிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் விழுப்புரத்துக்குப் போகும். அங்கே ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும். எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது அதுதான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று என் ஓரகத்தி என்னைத் தனியாக அழைத்தாள். “வண்டிய வித்துடு. பொம்பள வெச்சிக்கினு இருக்கிற லாரின்னு தெரிஞ்சா டிரைவருங்க டேங்க்குல டியூபு உட்டு உறிஞ்சிடுவானுங்க. நீ இன்னா அடியில படுத்தா பாப்ப?” என்றாள். கரிசனத்தோடு சொன்னதாக முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் சொன்னது பலிக்கக் கூடாது என்பதற்காகவே லாரியை விற்காமல் வைத்துக்கொண்டேன். வீம்பா என்றால் வீம்புதான்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, பின்னால் பீப்பாயை மறைத்து வைத்துக்கொண்டு டீசல் வாங்குகிறவர்கள் அப்போது இருந்தார்கள். டேங்க்குக்குள் ஒரு ரப்பர் டியூபை விட்டு மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழு இழுத்தால் போதும், டீசல் தானாக டின்னில் கொட்டும். இழுக்கிறவன் வாயில் ஒரு மடக்காவது ஏறாமல் இருக்காது. ஏறினால் அந்த வாடை மறுநாள் மத்தியானம் வரைக்கும் போகாது. இதை எனக்குச் சொன்னதே அந்த டிரைவர்தான். என் வீட்டுக்காரர் இருந்தபோது, வேறு லாரிக்காரனைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அதை அவனுக்கே திருப்பினேன்.

டேங்க்கைக் காப்பாற்ற நான் செய்த ஏற்பாடுகள் திண்டிவனம் மார்க்கெட்டில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தன. முதலில் பூட்டு வைத்த டேங்க் மூடி வாங்கினேன். அதன் சாவி என் இடுப்பில். பிறகு வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, டேங்க்கைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்து, அதன் கழுத்துக்குள் இரும்பு வலை வைத்து ஒட்டச் சொன்னேன். டியூப் இனி உள்ளே நுழையாது. “அப்ப டீசல் எவ்ளோ இருக்குதுன்னு எப்பிடிம்மா பாப்பீங்க?” என்று கேட்டார். ஒரு மூங்கில் குச்சி மட்டும் போய்வர வலையில் ஓட்டை விடச் சொன்னேன். டேங்க்கின் அடியில் இருக்கும் நட்டைக் கழற்ற முடியாதபடி அதன் மேல் இரும்புப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டினார். எஞ்சினுக்குப் போகும் குழாயின் இணைப்பில் நானே அரக்கை உருக்கி ஊற்றி, என் வீட்டுக்காரரின் மோதிரத்தால் முத்திரை குத்தினேன். “கஜானாவுக்குக் கூட இவ்ளோ காவல் இல்லம்மா,” என்றார் பட்டறைக்காரர். கேட்க இனிப்பாக இருந்தது.

குச்சியில் கத்தியால் கோடு கோடாகக் கீறியிருந்தேன். ஒரு கோடு என்றால் ஏறக்குறையப் பத்து லிட்டர். சுண்ணாம்புப் பொடியைத் தடவி டேங்க்குக்குள் விட்டு எடுத்தால் நனைந்த இடம் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் லாரி வந்து வாசலில் நின்றதும் ஒரு முறை அளப்பேன். காலையில் கிளம்பும் முன் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் துணி. அதற்கப்புறம்தான் சாவி.

முதல் நாள் துணியைப் படியில் போட்டு ஊதச் சொன்னபோது அவன் அதை எடுக்கவில்லை. “மொதலாளி இருந்தா இப்பிடிக் கேக்க மாட்டாரும்மா,” என்றான்.

“மொதலாளி இல்ல. நான்தான் இருக்கேன். ஊது.”

ஊதினான். அதன் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெற்றிலை வாடையில் டீசல் வாடை அமுங்கிப்போகும் என்று வெற்றிலை போடக் கூடாது என்றேன். இருபது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டான். வேறு இரண்டு லாரிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மொதலாளியோட பிள்ளைங்க வளர்ற வரைக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டானாம். ஒரு முறை என் சின்னவளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. மூட்டை ஏற்றியிருந்த லாரியிலேயே எங்களை உட்கார வைத்துப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனான். வழியெல்லாம் “ஒண்ணும் ஆவாதும்மா, ஒண்ணும் ஆவாதும்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிள்ளை பிழைத்தாள். மறுநாள் காலையிலும் துணியைப் படியில் போட்டேன்.

மூன்றாம் வருஷம் ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் தீமிதி. சாயங்காலம் லாரி வந்தது. வாசலில் நிறுத்தி அளந்தேன். ஏழு கோடு. மூடியைப் பூட்டினேன். அப்போது பந்தல்காரர்கள் வந்து, இந்த வருஷம் பந்தல் உங்கள் வாசல் வரைக்கும் வருகிறது, கால் நட வேண்டும், லாரியை எடுங்கள் என்றார்கள். “தள்ளி நிறுத்துடா,” என்று நான்தான் சொன்னேன். நாற்பது அடி முன்னால் எடுத்துப்போய், தெரு சாக்கடையை நோக்கி இறங்கும் இடத்தில் கல்வெர்ட்டை ஒட்டி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் அங்கேயே போய் அளந்தேன். ஐந்து கோடு.

குச்சியைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவி மறுபடி விட்டேன். ஐந்துதான். அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தான். குச்சியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் லாரிக்கு அடியில் படுத்து, நட்டு, குழாய், இணைப்பு என்று கையால் தடவித் தடவிப் பார்த்தான். முதுகெல்லாம் சேறோடு எழுந்து வந்து, “ஒழுகலியே,” என்றான். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அவனும் குச்சியை நம்பினான். அந்தத் தெருவில் குச்சியை நம்பாதவர் யாருமே இல்லை.

பந்தல்காரர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “அரக்கு ஒடையலியேம்மா. பூட்டும் அப்பிடியே இருக்குது,” என்றார்.

“கத்திய சுட வெச்சா அரக்கப் பேத்து எடுத்துட்டு திரும்ப ஒட்டலாம். எட்டு வருஷமா இந்த லாரிய தொட்டுக்கினு இருக்கறவனுக்குத்தான் அது தெரியும்,” என்றேன். என் புத்தி அப்படி வேலை செய்தது. இத்தனை காவலையும் மீறி எடுக்க வேண்டுமானால் மகா கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். அவ்வளவு கெட்டிக்காரன் இவன் ஒருவன்தான். ஆகவே இவன்தான் எடுத்தான். அவனை ஊதச் சொல்லித் துணியை மோந்து பார்த்தேன். வாடை இல்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். குழாயைக் கழற்றிவிட்டால் வாய் வைக்க வேண்டிய அவசியமே இல்லையே.

“எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கலம்மா,” என்றான்.

“உம் புள்ளைங்கள ஏன்டா இழுக்கற? ரெண்டு கோடு எங்க, அதச் சொல்லு.”

“கற்பூரம் ஏத்தி அணைக்கறேம்மா. இப்பவே.”

தெரு முழுக்க மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் சுற்றி நின்றார்கள். நான் சொன்னேன்: “இந்தக் கோயில்ல உன்ன உள்ள உடுவாங்களா? எந்தச் சாமி முன்னால அணைப்ப?”

யாரோ சிரித்தார்கள். அவன் எங்கள் வாசலுக்கு நடந்தான். துணியை மடித்துப் படியில் வைத்தான். லாரிக்குள் ஒரு சட்டையும் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. அவற்றைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். பின்னால் அவன் பெண்டாட்டி வந்து வாங்கிக்கொண்டு போனாள். தூக்கைத் திறந்து காட்டிவிட்டு எடுத்துப் போ என்றேன். காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் டிரைவர் மாறினால் காகிதம் எதுவும் கிடையாது. புது முதலாளி பழைய முதலாளி வீட்டுக்கு நேரில் வருவார். ஒரு காபி குடிப்பார். ‘ஆள் எப்படி?’ என்று கேட்பார். பழைய முதலாளி ஒரு வார்த்தை சொல்வார். சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கலாம். வண்டி ஓட்ட வைப்பது அந்த வார்த்தைதான். அவனுக்காக இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். முதல் ஆளிடம் “டீசல் எடுப்பான்” என்றேன். இரண்டாவது ஆளிடம் “எப்படிப் பூட்டினாலும் எடுப்பான்” என்றேன். அப்புறம் யாரும் வரவில்லை.

சில மாதம் கழித்து உர மூட்டைக் கணக்கில் ஏதோ தகராறு என்று விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டுக்கு நானே போக வேண்டியிருந்தது. அவன் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நான் பார்த்தபோது அவன் தோளில் இருந்த மூட்டை என் லாரிக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தில் வியர்வையும் யூரியாவும் சேர்ந்து புண்ணாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையோடு ஒதுங்கி நின்று, “புள்ளைங்க நல்லா இருக்குதுங்களாம்மா?” என்று கேட்டான்.

நான், “ஒரு மூட்ட கொறஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன்,” என்றேன். கூட வேலை செய்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பலகையில் ஏறி மூட்டையைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

அடுத்த ஆடியும் வந்தது, தீமிதியும் வந்தது. அப்போது என்னிடம் இருந்தவன் புது டிரைவர். வாயாடி. சாயங்காலம் வாசலில் அளந்தேன். ஆறு கோடு. பந்தல்காரர்கள் வந்தார்கள், லாரியைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன், கல்வெர்ட்டை ஒட்டி நிறுத்தினான். இவன்மேல் எனக்கு அறவே நம்பிக்கை இல்லாததால், அவன் கிளம்பும் முன் அவன் கண் முன்னாலேயே இன்னொரு முறை அளந்து வைக்கலாம் என்று போனேன். நாலு கோடு.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாவி என் இடுப்பில். நான் லாரியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பழைய இடத்துக்குப் பின்னால் எடுக்கச் சொன்னேன். அளந்தேன். ஆறு. முன்னால் போகச் சொன்னேன். நாலு. மறுபடி பின்னால் வா என்றதும் புது டிரைவர், “இன்னாம்மா, லாரிய வெச்சிக்கினு வெளையாடறீங்களா? ஒரே பேஜாராக்கீது,” என்றான். நான் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடி இருந்தது டேங்க்கின் பின்கோடியில். சரிவில் லாரியின் மூக்கு இறங்கியதும் டீசல் முன்கோடிப் பக்கம் ஓடிவிட்டது. சாய்த்துப் பிடித்த சொம்பில் தண்ணீர் ஒரு பக்கம் போகிற சங்கதி. தினமும் குழம்புச் சட்டியைச் சாய்த்து ஊற்றுகிறவள் நான். எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கே விழுப்புரத்துக்குப் போயிருக்கலாம். ஒரு மணி நேர பஸ். போகவில்லை. மறுநாள் போகலாம் என்றும் நினைக்கவில்லை. நான் செய்ததெல்லாம், இனி எங்கே நிறுத்தினாலும் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அளப்பது என்று முடிவு செய்துகொண்டதுதான். துணியையும் விடவில்லை. புது டிரைவர் ஊதினான்.

மார்கழியில் விழுப்புரத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மூன்று லாரி வைத்திருக்கிறவர். பின்னால் அவன் உட்கார்ந்து வந்தான். சலவை செய்த சட்டை போட்டிருந்தான். அவர் உள்ளே வந்தார். அவன் தெருவிலேயே நின்றுகொண்டான்.

காபியைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: “கூட்ஸ் ஷெட்டுல நம்ம வண்டி ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சிங்க. மூணு டிரைவருங்க பாத்துட்டு முடியாதுன்னுட்டானுங்க. இந்த ஆளு மூட்டய எறக்கி வெச்சிட்டு ஏறி ஒரே தம்முல எடுத்துட்டாரு. டிரைவருங்களான்னு கேட்டா ஆமான்றாரு. அப்பறம் ஏன் மூட்ட தூக்கறீங்கன்னு கேட்டா அடுத்த மூட்டய எடுக்கப் போயிட்டாரு. மத்தவங்கதான் சொன்னாங்க. எனக்கு என்னமோ அந்த மூஞ்சியப் பாத்தா அப்பிடித் தெரியல. நீங்க ஏதோ கோவத்துல சொல்லியிருப்பீங்க. ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, நாளைக்கே வண்டிய குடுத்துடறேன்.”

அவர் அவனைப் பற்றி ‘எடுத்துட்டாரு’, ‘ஆமான்றாரு’ என்று மரியாதையோடு பேசினார். அதுவே எனக்குச் சுருக்கென்று இருந்தது. வெளியே என் புது டிரைவர் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தான். நான் தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு முறை அவன் காதில் விழுந்தால் போதும், நாளைக்கு ஊது என்றால் ‘அன்னிக்கும் இப்பிடித்தானேம்மா’ என்பான். மார்க்கெட்டில் பேசுவார்கள். என் ஓரகத்தி வரைக்கும் போகும். ஒரு பொம்பளை ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு பிழைப்பதற்கு டீசலைவிட பயம்தான் வேண்டியிருந்தது. இதெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகச் சொல்லிற்று.

“கை சுத்தமில்லீங்க.”

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து போய் அவனிடம் ஏதோ சொன்னார். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவன் வாசல்படி வரைக்கும் வந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “பரவால்லம்மா,” என்றான். “நீங்க இன்னா பண்ணுவீங்க. குச்சி காட்டினத நம்பிட்டீங்க. எம் மொகராசி அப்பிடி.”

கூட்ஸ் ஷெட்டில் முதுகு உடைகிறவன் வந்து என்மேல் இரக்கப்படுகிறான். என்னை மன்னிக்கிறான். குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: “குச்சி காட்டினது தப்புன்னு எனக்குத் தெரியும். எடம் சரிவு. டீசல் முன்னால ஓடிப்போயிருக்குது. நீ எடுக்கல. ஆடியிலயே தெரியும்.”

அவன் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப அவருகிட்ட சொல்லிடுங்கம்மா. இன்னும் பஸ் ஸ்டாண்டு தாண்டியிருக்க மாட்டாரு. நான் ஓடிப்போயி ஜல்தியா இட்டாந்துடறேன்,” என்றான். ஓடுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான்.

“சொல்ல முடியாது,” என்றேன்.

“ஏம்மா?”

“சொன்னா அப்பறம் எந்த டிரைவர் எனக்கு பயப்படுவான்?”

மடித்துக் கட்டிய வேட்டியோடு அப்படியே நின்றான். லாரியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“அம்மா தெரியாம பண்ணிட்டாங்கன்னுதான் எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். உங்கள அவ ஒரு வார்த்த திட்டினாக்கூட சண்ட போட்டிருக்கேன். இனிமே அவகிட்ட போயி இன்னான்னு சொல்றது?”

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தபோது வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனை நான் கூட்ஸ் ஷெட்டில் பார்க்கவில்லை. குடும்பத்தோடு எங்கோ கரும்பு வெட்டப் போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

லாரியை இன்னும் பதினைந்து வருஷம் வைத்திருந்தேன். இரண்டு பெண்களையும் அதில்தான் கட்டிக்கொடுத்தேன். என்னிடம் வேலை பார்த்த எந்த டிரைவரும் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசி வரைக்கும் என் டேங்க்கிலிருந்து ஒரு சொட்டு டீசல் திருட்டுப் போகவில்லை. ஊரில் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நான் மறுக்கவில்லை.